வீட்டுத் தோட்டமும் பூச்சித் தடுப்பும்: தமிழ்நாட்டுப் பருவங்களின்படி

வீட்டுத் தோட்டப் பராமரிப்பு என்பது வீட்டைச் சுற்றியுள்ள புல்தரை, தொட்டிச் செடிகள், மரங்கள் ஆகியவற்றைப் பருவத்துக்கு ஏற்பப் பேணும் பணியாகும். தோட்டத்தில் பெருகிப் பின்னர் வீட்டுக்குள் வரும் கொசு, கரையான், எலி, நத்தை போன்றவற்றைத் தடுப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. பலர் இவற்றை இரு வேறு வேலைகளாகக் கருதுகின்றனர். ஆனால் பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர், செடிக்கு வேரழுகலையும் வீட்டாருக்கு டெங்குக் காய்ச்சலையும் ஒருசேரக் கொண்டுவரக்கூடும். தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளை முன்வைத்து, எந்தப் பருவத்தில் எதைச் செய்ய வேண்டும், அதைப் பருவம் தொடங்கும் முன்பே செய்வது ஏன் நல்லது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பருவங்கள்

வானிலைத் துறையின் பகுப்பின்படி ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிக்கப்படுகிறது. அவை பனிக்காலம் (சனவரி, பிப்ரவரி), கோடை (மார்ச் முதல் மே வரை), தென்மேற்குப் பருவமழை (சூன் முதல் செப்டம்பர் வரை), வடகிழக்குப் பருவமழை (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) என்பனவாகும். இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமே முக்கிய மழைக்காலம். தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் இதன் பங்கு இன்னும் அதிகம்.

எனவே வட இந்தியாவுக்கோ குளிர்நாடுகளுக்கோ எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்ற இயலாது. குளிர்நாடுகளில் பனி உருகியபின் தோட்ட வேலை தொடங்கும். நமக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் விதைப்புக்குரிய காலங்கள். வீட்டைக் காக்கும் வேலைக்குரிய மாதம் புரட்டாசி.

அடிப்படைக் கோட்பாடு: நீர், உணவு, ஒதுங்கிடம்

எந்த உயிரினமும் ஓரிடத்தில் பெருகுவதற்கு நீர், உணவு, ஒதுங்கிடம் ஆகிய மூன்றும் தேவை. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் பெருக்கம் குறையும். மருந்து அடிப்பது அப்போது இருக்கும் பூச்சிகளை மட்டுமே கொல்லும். அம்மூன்றும் அங்கேயே இருந்தால் சில வாரங்களில் புதியவை வந்து சேரும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு. இது சாக்கடையை நாடுவதில்லை. தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத நீர்த்தொட்டி போன்றவற்றில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் உயிருடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக மாற வெப்பமான நாள்களில் 7 முதல் 10 நாள்கள் ஆகும்.

இந்த இரண்டு செய்திகளிலிருந்தும் இரண்டு விதிகள் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை நீரைக் கொட்டிக் காயவைக்க வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டும். இக்கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே ஒரு வீட்டில் கடிக்கும் ஏடிஸ் கொசு அந்த வீட்டிலோ அடுத்த சில வீடுகளிலோ பிறந்ததாகவே இருக்கும்.

புல்தரை

தமிழ்நாட்டின் வெப்பத்துக்கு ஏற்ற புல் வகைகளில் அருகம்புல் முதன்மையானது. இது வெயிலை விரும்பும், மிதிபடுவதைத் தாங்கும், நிழலில் மெலியும். நர்சரிகளில் கொரியன் புல் என்ற பெயரில் கிடைக்கும் வகை மெத்தென்று அடர்ந்து மெதுவாக வளரும். அகன்ற இலை கொண்ட எருமைப்புல் ஓரளவு நிழலைத் தாங்கும். மாமரத்தின் அடர்ந்த நிழலில் எந்தப் புல்லும் செழிக்காது. அங்கே சருகு மூடாக்கு இடுவதே பயன் தரும்.

புல் வெட்டுவதில் நினைவில் கொள்ள வேண்டியது மூன்றில் ஒரு பங்கு விதி. புல்லின் உயரம் 6 செ.மீ. என்றால் 2 செ.மீ. மட்டும் வெட்டி, 4 செ.மீ. விட வேண்டும். இலையே உணவு தயாரிக்கும் உறுப்பாதலால், ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் வேர் பலவீனமடையும். வெற்றிடம் விழும் இடத்தில் களை முளைக்கும்.

தண்ணீரை நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, சில நாள்களுக்கு ஒரு முறை ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது. மேல்மண் மட்டுமே நனைந்தால் வேரும் மேலேயே நின்று கோடையில் கருகும். நீர் பாய்ச்சியபின் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்க்கலாம். அது 10 செ.மீ. வரை எளிதாக இறங்கினால் ஈரம் போதுமானது. மாலையில் நீர் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்து பூஞ்சை நோய்க்கு இடம் தரும். காலை நேரமே சிறந்தது.

கோரை வகைக் களை புல்தரையின் தீராத தொல்லை. மேலே தெரியும் தாளைப் பிடுங்கினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மீண்டும் முளைக்கும். களைக்கொத்தால் கிழங்குடன் தோண்டி எடுக்க வேண்டும். பார்த்தீனியம் தென்பட்டால் பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அது தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கக்கூடியது.

பருவவாரியான பணிகள்

கோடை (மார்ச் – மே): செடிகளின் அடியில் சருகு, தென்னை நார்க்கழிவு, காய்ந்த புல் ஆகியவற்றை 5 செ.மீ. அளவுக்கு மூடாக்காக இட்டால் மண்ணின் ஈரம் காக்கப்படும். மூடாக்கு தண்டையும் வீட்டுச் சுவரையும் தொடக்கூடாது. தண்டைத் தொட்டால் பட்டை அழுகும், சுவரைத் தொட்டால் கரையானுக்குப் பாலமாகும். இக்காலத்தில் கனமாகக் கவாத்து செய்வதையும் மிகுதியாக உரமிடுவதையும் தவிர்க்கலாம். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் குடங்களிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேர்த்து வைப்பதால், மழையே இல்லாத மே மாதத்திலும் ஏடிஸ் பெருகும். சேமிக்கும் பாத்திரங்களைத் துணியால் இறுகக் கட்டி மூட வேண்டும்.

கோடை மழைக்குப் பின்வரும் இரவுகளில் பழுப்பு நிற வண்டுகள் வேப்பமரத்தில் மொய்ப்பதைக் காணலாம். இவை வேர்ப்புழுவின் தாய் வண்டுகள். கிளையை உலுக்கி, விழுபவற்றைச் சோப்பு நீரில் போட்டால் அடுத்த சில மாதங்களில் புல்லின் வேரைத் தின்னும் வெண்புழுக்கள் குறையும். புல்தரை திட்டுத் திட்டாகக் காய்ந்து, இழுத்தால் பாய்போல் மேலே வந்தால் அது வேர்ப்புழுவின் அடையாளம்.

தென்மேற்குப் பருவம் (சூன் – செப்டம்பர்): கன்னியாகுமரி, நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் ஆகியவை இப்பருவத்திலேயே நல்ல மழை பெறுகின்றன. பிற இடங்களில் காற்றும் மாலை நேர இடிமழையும் உண்டு. ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, அவரை, பூசணி முதலியவற்றை விதைக்கலாம். புதிய புல் பதிக்கவும் ஏற்ற காலம். தொழு உரம் நன்கு மக்கியதாக இருக்க வேண்டும். மக்காத சாணத்தில் வேர்ப்புழுவும், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுவும் வளரும்.

புரட்டாசி (செப்டம்பர் நடு – அக்டோபர் நடு): வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும். அதற்கு முந்தைய இந்த ஒரு மாதத்தில் செய்யும் வேலை, அடுத்த மூன்று மாதங்களின் தொல்லையைப் பெருமளவு தீர்மானிக்கிறது. செய்ய வேண்டியவை:

- மொட்டைமாடி, சன்ஷேடு, மழைநீர்க் குழாய் ஆகியவற்றிலுள்ள சருகை அகற்றுதல்.
- மேல்நிலைத் தொட்டி, நிலத்தடித் தொட்டி ஆகியவற்றின் மூடிகளைச் சரிசெய்தல். நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபென்சி கொசு இவற்றிலும் கிணறுகளிலும் வளரும்.
- மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தூர்வாரி, திறப்புகளுக்கு வலை இடுதல். 2003 முதல் தமிழ்நாட்டில் இவ்வமைப்பு கட்டாயம். பராமரிக்காமல் விட்டால் அதுவே கொசுத் தொட்டியாகிவிடும்.
- செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் முனையில் கொசுவலை கட்டுதல். அழுக்கு நீரில் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அதன்வழி வெளிவரும்.
- சுவரையும் சன்னலையும் தொடும் கிளைகளை வெட்டுதல். எறும்பும் எலியும் ஏறும் வழி இதுவே.
- விறகு, செங்கல், பழைய மரச்சாமான் ஆகியவற்றைச் சுவரிலிருந்து விலக்கி, தரைக்கு மேல் உயர்த்தி அடுக்குதல்.
- கதவடி இடைவெளிகளையும் குழாய் நுழையும் துளைகளையும் அடைத்தல். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும். சிமெண்டுடன் கம்பி வலை சேர்த்து அடைத்தால் எலி கடித்துத் திறக்க இயலாது.

வடகிழக்குப் பருவம் (அக்டோபர் – டிசம்பர்): செடிகளுக்கு நீர் விடுவதைக் குறைத்து, வடிகாலைக் கவனிக்க வேண்டும். தொட்டித் தட்டுகளை இக்காலத்தில் எடுத்துவிடுவது எளிய வழி. வாழையின் இலைக்கக்கம், வெட்டிய மூங்கிலின் கணு, மரப்பொந்து ஆகியவற்றிலும் ஏடிஸ் இனக் கொசுக்கள் வளரும். பொந்துகளை மண்ணால் நிரப்பலாம். புல்லை உயரமாக வளரவிடக்கூடாது. உயர்ந்த புல்லில் எலி ஒதுங்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சிகளின் இளம்பருவம் கடிப்பதால் ஏற்படும் உண்ணிக் காய்ச்சலும், எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலும் இப்பருவத்தின் நோய்கள். தேங்கிய நீரில் வேலை செய்யும்போது கால்களை மூடும் காலணி அணிய வேண்டும்.

ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் மழைக்காலத்தில் இரவில் வெளிவந்து இளஞ்செடிகளைத் தின்னும். ஈரச்சாக்கின் மேல் பப்பாளித் தழையையோ முட்டைக்கோசு இலையையோ மாலையில் பரப்பி வைத்தால் அங்கே கூடும். காலையில் கையுறையுடன் பொறுக்கி, உப்பு நீர் உள்ள வாளியில் போடலாம். மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழுவை இவை சுமக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது, குழந்தைகளை விளையாட விடவும் கூடாது. உப்பை மண்ணில் நேரடியாகத் தூவினால் செடிக்கும் மண்ணுக்கும் கேடு.

பனிக்காலம் (சனவரி – பிப்ரவரி): கவாத்துக்கும் தைப்பட்ட விதைப்புக்கும் உரிய காலம். ரோசா, செம்பருத்தி ஆகியவற்றின் நோயுற்ற கிளைகளை வெட்டி நீக்கலாம். புல்தரையின் வளர்ச்சி குறைவதால் வெட்டும் இடைவெளியைக் கூட்டலாம். இலைகளில் சாம்பல் நோயும் அசுவினியும் தென்படும் மாதங்கள் இவை.

செடிகளில் பூச்சியும் அவற்றின் எதிரிகளும்

எல்லாப் பூச்சியும் பகையல்ல என்பதைத் தமிழ்நாடு அண்மைக் காலத்தில் நேரடியாகக் கண்டுள்ளது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எனப் பலவற்றிலும் பரவியது. அதன் உடல் மெழுகுப் பூச்சால் மூடப்பட்டிருந்ததால் மருந்துகள் அதிகம் பலிக்கவில்லை. 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு வெளியிடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழித்தது. தாக்குதல் பெருமளவு கட்டுக்குள் வந்தது.

வீட்டுத் தோட்டத்துக்கும் இப்பாடம் பொருந்தும். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, வெண்மையான இழைகளுடன் மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அது சுறுசுறுப்பாக நகரும், அளவிலும் பெரியது. வேறுபாடு அறியாமல் அதையும் நசுக்கிவிடுவது அடிக்கடி நிகழ்கிறது.

தாக்குதல் குறைவாக இருந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். தேவைப்பட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் நன்கு கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளிக்கலாம். முதலில் ஓரிரு இலைகளில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எறும்புகள் இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியைப் பாதுகாத்து இடம்மாற்றுவதால், செடியில் எறும்பு ஏறுவதைத் தடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

கரையான்

முதல் மழைக்குப்பின் விளக்கைச் சுற்றும் ஈசல்கள், புதிய குடியேற்றம் அமைக்கப் புறப்படும் சிறகு முளைத்த கரையான்களே. வீட்டுக்குள் ஏராளமான ஈசல் வெளிப்பட்டாலோ, உதிர்ந்த சிறகுகள் கதவுநிலை அருகே குவிந்திருந்தாலோ அருகில் புற்று இருக்கலாம். சுவரில் ஏறும் மண்குழாய் மற்றோர் அடையாளம். குழாயைச் சிறிது உடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அது மீண்டும் அடைபட்டிருக்குமானால் கரையான் செயல்பாட்டில் உள்ளது.

சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி கரையானுக்கு ஈரமும் மறைவும் தருகிறது. சுவருக்கும் பாத்திக்கும் இடையே ஓரடியாவது வெற்றிடம் விட்டு, அதில் சரளை பரப்பலாம். கட்டடங்களுக்கான கரையான் தடுப்பு முறைகளை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. கட்டும்போது செய்வதற்கும், கட்டிமுடித்த வீட்டில் செய்வதற்கும் அதில் தனித்தனிப் பகுதிகள் உண்டு. இப்பணியைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை. கிணறு அருகில் இருந்தால் அதை முன்கூட்டியே அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

மருந்துகளும் பாதுகாப்பும்

பூச்சியைவிடப் பூச்சி மருந்து பெரிய ஆபத்தாக மாறும் தருணங்கள் உள்ளன. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் விற்கப்படும் ஒவ்வொரு மருந்தின் உறையிலும் நச்சு அளவைக் காட்டும் நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நச்சு, மஞ்சள் கடும் நச்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நச்சு. சிவப்பும் மஞ்சளும் வீட்டுத் தோட்டத்துக்கு உரியவை அல்ல.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு முறிவு மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள்கள் நலமாக இருப்பது போலத் தோன்றி, பின்னர் கல்லீரல் செயலிழந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். குழந்தை வாயில் வைத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கக்கூடாது. தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். அதை வீட்டில் பயன்படுத்தவே கூடாது. எலிக்குப் பொறியும் ஓட்டை அடைப்பும் போதுமானவை.

மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது பல விபத்துகளுக்குக் காரணம். எப்போதும் மூல உறையிலேயே, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு 108 அவசர ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பு கடித்தாலும் கட்டுப்போடுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்க கணக்கெடுப்பு

கொசுப்புழு எவ்வளவு பரவியுள்ளது என்பதைச் சுகாதாரத் துறையினர் மூன்று குறியீடுகளால் அளக்கின்றனர். பெரியவர்களின் துணையுடன் மாணவர்களும் தம் தெருவில் இதைச் செய்து பார்க்கலாம்.

- வீட்டுக் குறியீடு: பார்வையிட்ட நூறு வீடுகளில் புழு உள்ள வீடுகள் எத்தனை என்பது.
- கொள்கலக் குறியீடு: நீருள்ள நூறு கொள்கலன்களில் புழு உள்ளவை எத்தனை என்பது.
- பிரித்தோ குறியீடு: நூறு வீடுகளுக்குப் புழு உள்ள கொள்கலன்கள் எத்தனை என்பது.

ஒரு தெருவில் 20 வீடுகளைப் பார்த்ததாகக் கொள்வோம். அவற்றில் நீருள்ள கொள்கலன்கள் 80. புழு இருந்தவை 6 கொள்கலன்கள். அவை 4 வீடுகளில் இருந்தன. அப்படியானால் வீட்டுக் குறியீடு 4 ÷ 20 × 100 = 20. கொள்கலக் குறியீடு 6 ÷ 80 × 100 = 7.5. பிரித்தோ குறியீடு 6 ÷ 20 × 100 = 30.

எந்த வகைக் கொள்கலனில் புழு அதிகம் என்பதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். பூந்தொட்டித் தட்டா, சிமெண்டுத் தொட்டியா, மாடியில் கிடக்கும் உடைந்த வாளியா என்பது தெருவுக்குத் தெரு மாறுபடும். புரட்டாசியில் ஒரு முறையும், தூய்மைப் பணி முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் கணக்கெடுத்து ஒப்பிட்டால், மருந்தின்றியே எவ்வளவு குறைக்க முடிந்தது என்பது எண்களில் தெரியும். அவ்வெண்களை அண்டை வீட்டாரிடமும் காட்டுவது பயன் தரும். தன் வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பவரையும் அடுத்த மாடியில் பிறந்த கொசு கடிக்கும் என்பதால், இப்பணி தெரு முழுவதும் சேர்ந்து செய்தால்தான் முழுமை பெறும்.